டிவிக்கு ஒயர்லெஸ் ஹெட்போன்: உதடு முந்துகிறது, வசனம் பிந்துகிறது

மேற்குமாம்பலம் | 3 ஜூன் 2024, இரவு 9.50

அப்பாவுக்குக் காது மந்தம். டிவி வால்யூம் 40இல் இருந்தால்தான் அவருக்கு வசனம் புரிகிறது, அடுத்த அறையில் பிள்ளை படிக்க முடியவில்லை. புளூடூத் ஹெட்போன் ஒன்றை நேராக டிவியில் இணைத்தோம். பேசுகிறவர் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது. அதே ஹெட்போனில் போன் வழியாக யூடியூப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. இன்னும் விலை கூடியது வாங்கினால் சரியாகுமா? இன்னொன்று, ஹெட்போனை இணைத்ததும் டிவி ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது. அம்மாவும் கூடவே கேட்க வேண்டும்.

சுருதிப்பெட்டி | 3 ஜூன் 2024, இரவு 11.15

புது ஹெட்போன் வாங்காதீர்கள். கோளாறு காதில் மாட்டுகிற பக்கத்தில் இல்லை, ஒலியை அனுப்புகிற பக்கத்தில் இருக்கிறது.

புளூடூத்தில் ஒலி அப்படியே போகாது. அனுப்பும் கருவி அதைச் சுருக்கி, பொட்டலம் பொட்டலமாக அனுப்பும். ஹெட்போன் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு விரித்து ஒலிக்கும். நடுவில் ஒரு பொட்டலம் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்க அவகாசம் வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சேமிப்பு. சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். எல்லா புளூடூத் ஹெட்போனிலும் கட்டாயம் இருக்க வேண்டியது எஸ்பிசி, பெரும்பாலான டிவிகள் அனுப்புவதும் அதையே. எஸ்பிசி இணைப்பில் மொத்தத் தாமதம் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிவினாடி. உதட்டசைவுக்கு ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) 1359 பரிந்துரை சொல்லும் கணக்கு இது: ஒலி சுமார் 125 மில்லிவினாடி பிந்தினால் ஆட்கள் கவனிக்கத் தொடங்குவார்கள், 185ஐத் தாண்டினால் ஏற்க மாட்டார்கள். உங்கள் அப்பா சரியாகவே சொல்கிறார்.

போனில் ஏன் குறை தெரியவில்லை? ஹெட்போன் எவ்வளவு தாமதிக்கிறது என்பது போனுக்குத் தெரியும். யூடியூப் செயலி படத்தை அதே அளவு நிறுத்திப் பிடித்துக் காட்டுகிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியே ஓடுகிற சேனலை டிவி அப்படிப் பிடித்து வைப்பதில்லை.

டிவியின் ஒலி அமைப்பில், படத்தையும் ஒலியையும் பொருத்த ஏவி சிங்க் என்று ஒன்று இருக்கும். முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள்.

ஈயப்பற்று | 4 ஜூன் 2024, காலை 7.05

கடைசி வரி தவறு. பெரும்பாலான டிவிகளில் ஏவி சிங்க் ஒலியை இன்னும் பிந்தவைக்கத்தான் உதவும். சவுண்ட்பாரில் ஒலி முந்தி, படம் பின்னால் வந்தால் அதற்காக வைத்தது. சுழியத்துக்குக் கீழே இறங்காது.

சுருதிப்பெட்டி | 4 ஜூன் 2024, காலை 8.30

ஆம், தவறுதான். ஏவி சிங்க் இங்கே உதவாது. இன்னும் வராத ஒலியை முன்னால் தள்ள எந்த அமைப்பாலும் முடியாது, படத்தைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும். பென்டிரைவில் உள்ள கோப்பைக் கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் பார்த்தால் கதை வேறு. கோப்பு முழுக்கக் கையில் இருப்பதால் ஒலியை முன்னதாகவே படிக்கலாம். விண்டோஸ் விஎல்சியில் ஜே விசை ஒருமுறைக்கு 50 மில்லிவினாடி ஒலியை முன்னுக்குக் கொண்டுவரும், கே விசை பின்னுக்குத் தள்ளும். எஸ்பிசி ஹெட்போனுக்கு ஜே நான்கு தட்டு, பிறகு ஒரு தட்டு முன்னே பின்னே. நேரலைச் சேனலுக்கு இந்த வழி கிடையாது.

சுருதிப்பெட்டி | 4 ஜூன் 2024, இரவு 10.20

இப்போது வழி. டிவியின் புளூடூத்தை அணைத்துவிட்டு, ஆப்டிகல் நுழைவு உள்ள தனி டிரான்ஸ்மிட்டர் டப்பா ஒன்றை டிவியின் பின்னால் வைக்க வேண்டும். குறைந்த தாமதக் கோடெக் ஒன்று அந்த டப்பாவிலும் இருக்க வேண்டும், ஹெட்போனிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இரண்டும் பேசி எஸ்பிசிக்கே இறங்கிவிடும். காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். டப்பாவின் அட்டையில் அப்படியொரு கோடெக்கான ஆப்டெக்ஸ் எல்எல் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், ஹெட்போனில் இருக்காது. ஆப்டெக்ஸ் எல்எல் இரு பக்கமும் இருந்தால் தாமதம் 40 மில்லிவினாடி சுற்றளவில் நிற்கும். அதில் உதடு பிசகாது.

3.5 மில்லிமீட்டர் பின் துளை இருக்க ஆப்டிகல் எதற்கு? அந்தத் துளையில் பின்னைச் செருகினால் பெரும்பாலான டிவிகளில் ஸ்பீக்கர் அடங்கிவிடும், உங்கள் அம்மா கேட்க முடியாது. இரண்டாவது காரணம், டப்பாவுக்கு மின்சாரத்தையும் டிவியின் யூஎஸ்பியிலிருந்தே எடுத்தால் தரை இணைப்பு வளையம் உண்டாகி, ஒலிக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு கேட்கும். ஆப்டிகல் ஒயரில் ஓடுவது வெளிச்சம். வளையம் உண்டாக வழியில்லை.

ஒயரின் இரு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றாமல் செருகினால் வேலை செய்யாது. டிவியை இயக்கி ஒயரின் மறுமுனையைப் பாருங்கள், சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். ஒயரைச் சுவரோரம் கூராக மடிக்காதீர்கள், உள்ளே இழை முறிந்தால் ஒட்டவைக்க முடியாது. அடுத்து டிவியில் டிஜிட்டல் ஒலி வடிவத்தை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்றுங்கள். ஆட்டோ, டால்பி, பாஸ்த்ரூ எதுவாக இருந்தாலும் பெரும்பாலான டப்பாக்களுக்கு அது புரியாது, மௌனம்தான் வரும். இணைத்த பிறகு டப்பாவின் விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று பாருங்கள். எஸ்பிசிக்கு ஒரு நிறம், குறைந்த தாமதத்துக்கு வேறு நிறம் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அட்டையில் அச்சிட்டதைவிட அந்த விளக்கை நம்புங்கள்.

ஆப்டிகலில் போகும் ஒலியின் அளவு பொதுவாக நிலையானது. டிவி ரிமோட் அம்மாவுக்கு, ஹெட்போனின் பொத்தான் அப்பாவுக்கு. நீங்கள் கேட்டதும் அதுதானே.

ஈயப்பற்று | 5 ஜூன் 2024, காலை 6.40

ஒரு திருத்தம். சில டிவிகளில் ஆப்டிகல் துளை எப்போதும் உயிரோடு இருக்கும். வேறு சிலவற்றில் ஒலி வெளியீட்டை ஆப்டிகல் என்று தேர்ந்தெடுத்தால்தான் வரும், அப்போது ஸ்பீக்கர் அடங்கிவிடும். டிவி ஸ்பீக்கரும் ஆப்டிகலும் சேர்ந்து என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்று வாங்குமுன் மெனுவில் பாருங்கள். இல்லையென்றால் செட்டாப் பாக்ஸின் முதுகில் ஆப்டிகல் துளை உண்டா என்று பார்க்கலாம், அங்கிருந்தும் எடுக்கலாம்.

சுருதிப்பெட்டி | 5 ஜூன் 2024, காலை 9.10

இதைச் சேர்த்தது நல்லது. ஆனால் செட்டாப் பாக்ஸிலிருந்து எடுத்தால் டிவியின் சொந்தச் செயலிகளில் ஓடும் படத்துக்கு ஹெட்போனில் ஒலி வராது. வீட்டில் அதிகம் ஓடுவது எது என்று பார்த்து முடிவெடுங்கள்.

தெருமுனை | 8 ஜூன் 2024, மாலை 4.00

40, 200 என்று எல்லோரும் சொல்கிறோம். வீட்டில் அளக்க முடியுமா?

சுருதிப்பெட்டி | 8 ஜூன் 2024, இரவு 9.45

முடியும். டிவி ஸ்பீக்கரும் ஹெட்போனும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஏற்பாடாக இருந்தால் பத்து நிமிட வேலை. கைதட்டலோ கடிகார டிக் ஒலியோ உள்ள ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். போனை டிவி ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஹெட்போனின் ஒரு கிண்ணத்தை போனின் மைக் மேல் சாய்த்து வையுங்கள். ஒலிப்பதிவு செய்து, கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் ஒவ்வொரு தட்டலுக்கும் இரண்டு முள் தெரியும். முதலாவது ஸ்பீக்கர், இரண்டாவது ஹெட்போன். நடுவிலுள்ள இடைவெளியைத் தேர்ந்தெடுத்தால் கீழே நேரம் காட்டும். ஐந்து தட்டல் அளந்து சராசரி எடுங்கள். போனை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி வைக்கக் கூடாது. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும், சோபாவிலிருந்து அளந்தால் 8, 9 குறைவாகக் காட்டும்.

இது ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் உள்ள வித்தியாசம். டிவியில் படமே ஒலிக்குப் பிந்தினால் இதில் தெரியாது. ஆனாலும் டப்பா சொன்னபடி நடக்கிறதா என்று பிடிக்க இது போதும். 180 காட்டினால் இணைப்பு எஸ்பிசியில் இருக்கிறது என்று அர்த்தம்.

சுருதிப்பெட்டி | 11 ஜூன் 2024, இரவு 10.30

4ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். ஆப்டெக்ஸ் எல்எல்தான் ஒரே வழி என்பதுபோல் எழுதிவிட்டேன். அதற்குத் தனி ஆன்டெனா வேண்டியிருந்ததால் போன்களில் அது வேரூன்றவில்லை. 2018இல் வந்த ஆப்டெக்ஸ் அடாப்டிவ் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அதில் தாமதம் 50 முதல் 80, டிவிக்குத் தாராளமாகப் போதும். புதிதாக வாங்குகிறவர்கள் இரு பக்கமும் அடாப்டிவ் தேடுங்கள். எல்எல் மட்டும் உள்ள டப்பாவும் அடாப்டிவ் மட்டும் உள்ள ஹெட்போனும் சேர்ந்தால் தாமதம் குறையும் என்று எண்ணி வாங்காதீர்கள்.

புளூடூத்தின் புது ஒலி முறையான எல்இ ஆடியோ, அதன் எல்சி3 கோடெக், ஒரே ஒலியைப் பலருக்கு ஒலிபரப்பும் ஆராகாஸ்ட், இவை வளர்ந்து வருகின்றன. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் ஆளுக்கொரு ஹெட்போன் என்றால் ஆராகாஸ்ட் அதற்கென்றே வந்தது. ஆனால் இப்போதைக்கு டிவி, ஹெட்போன் இரண்டிலும் அது இருப்பதை எழுத்தில் பார்த்தபின் வாங்குங்கள்.

புளூடூத்தே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. அகச்சிவப்பு ஹெட்போனில் தாமதம் கிடையாது. ஆனால் டப்பாவை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார வேண்டும், யாராவது குறுக்கே நடந்தால் சத்தம் அறும், ஜன்னல் வெயில் விழுந்தால் இரையும். விளையாட்டுக்கென்று வரும், யூஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் என்ற சின்னக் கருவியோடு வரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ஹெட்போன் கணினிக்கு அருமை, ஆனால் பெரும்பாலான டிவிகள் யூஎஸ்பி ஒலியை ஏற்பதில்லை. மூன்றாவது, சென்ஹைசரின் பழைய ஆர்எஸ் 120 போன்ற அனலாக் ரேடியோ வகை. தாமதம் இல்லை, சுவர் தாண்டும், ஒரே டப்பாவில் எத்தனை ஹெட்போனும் கேட்கும். விலையாகக் கொடுப்பது, பின்னணியில் எப்போதும் ஓர் இரைச்சல்.

ஈயப்பற்று | 12 ஜூன் 2024, காலை 7.20

அனலாக் வகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஐரோப்பிய மாடல் 863 முதல் 865 மெகாஹெர்ட்ஸில் ஓடும், அமெரிக்க மாடல் 926 முதல் 928இல். நம் நாட்டில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2021 விதி விட்டுவைத்தது 865 முதல் 868. இரண்டுமே அதற்குள் அடங்கவில்லை. அடுத்தது, அதில் இருப்பது ஏஏஏ அளவு ரீசார்ஜ் செல். செல் தேய்ந்ததும் கடையில் கிடைக்கும் சாதாரண ஆல்கலைன் செல்லைப் போட்டு, சார்ஜ் ஏற்றும் தாங்கியில் ஹெட்போனை மாட்டினால் தாங்கி அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். செல் கசிந்து உள்ளே பச்சை பூக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மட்டும் போடுங்கள்.

மேற்குமாம்பலம் | 15 ஜூன் 2024, இரவு 8.15

அடாப்டிவ் இரு பக்கமும் உள்ள ஜோடி மாட்டியாயிற்று. விளக்கு சரியான நிறம். அளந்ததில் 70 வருகிறது. அப்பா குறை சொல்லவில்லை. ஆனால் இரவு 8 மணிக்கு மேல் அவ்வப்போது துண்டு துண்டாக அறுகிறது.

சுருதிப்பெட்டி | 15 ஜூன் 2024, இரவு 10.05

8 மணி என்றால் அடுக்ககம் முழுக்க வைஃபை ஓடும் நேரம். புளூடூத் 2.402 முதல் 2.480 ஜிகாஹெர்ட்ஸ் வரை 79 சேனலில் வினாடிக்கு 1600 முறை தாவி, நெரிசலான இடத்தைத் தவிர்க்கப் பார்க்கும். தாவ இடமே இல்லையென்றால் அறும். உங்கள் டிவி, போன், லேப்டாப் எல்லாவற்றையும் ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். முதல் மருந்து அதுதான். ரவுட்டர் டிவி மேசையிலேயே இருந்தால் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்.

டப்பா டிவியின் முதுகில் ஒட்டியிருக்கிறதா? டிவியின் உலோகத் தகடு அலையை மறைக்கும். இரட்டை ஒட்டுநாடாவால் டிவியின் கீழ் விளிம்பில், முகம் வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். ஹெட்போனில் ஆன்டெனா பெரும்பாலும் ஒரு கிண்ணத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் தலையணையில் சாய்ந்து படுத்தாலும் அறும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், 2.4 ஜிகாஹெர்ட்ஸை அது நன்றாக விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.45இல்தான் சூடாக்குகிறது. அடுப்பு ஓடும்போது மட்டும் அறுந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

கணினியில் கேட்பவர்களுக்கு: யூஎஸ்பி 3 துளையும் அதில் மாட்டிய ஹார்ட்டிஸ்க்கும் 2.4இல் இரைச்சல் கக்கும், இன்டெல் 2012லேயே இதை அளந்து எழுதியது. டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்பு ஒயரில் தள்ளி வைத்தால் சட்டென்று மாறும்.

தம்பூரா_ரசிகை | 19 ஜூன் 2024, மாலை 6.30

இழை முழுக்க டிவியாகவே போகிறது. இரவில் போனிலிருந்து ஹெட்போனில் கச்சேரி கேட்க எந்தக் கோடெக் நல்லது, எல்டேக்கா, ஏஏசியா? தம்பூரா ஒலி மணல் கொட்டுவதுபோல் இருக்கிறது.

சுருதிப்பெட்டி | 19 ஜூன் 2024, இரவு 11.00

சுருக்கம் எங்கே உடைகிறது என்று காட்டிக்கொடுப்பதில் தம்பூராவுக்கு நிகரில்லை. தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா என்ற நூல் எழுப்பும் மேல்சுரங்கள் ஓயாமல் மெல்ல நகர்ந்தபடி இருக்கும். பிட் போதாத கோடெக் முதலில் அரிப்பது அவற்றைத்தான். மிருதங்கச் சாப்பு கூர் மழுங்குவது அடுத்தது.

முதலில் மூலத்தைப் பாருங்கள். பாட்டுச் செயலியில் தரம் ஆட்டோவில் இருந்தால் எல்டேக் போட்டும் பயனில்லை. அதிகபட்சத்துக்கு மாற்றுங்கள். பழைய கச்சேரிப் பதிவுகளில் பாதிக்கு இரைச்சல் நாடாவிலிருந்தே வருகிறது, அதை எந்தக் கோடெக்கும் திருத்தாது.

ஐபோன் என்றால் எஸ்பிசி, ஏஏசி இரண்டே, ஏஏசி நன்றாகவே இருக்கும். ஆண்ட்ராய்டில் 8ஆம் பதிப்பிலிருந்து எல்டேக் உண்டு. போனைப் பற்றிய பக்கத்தில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும், அதில் புளூடூத் ஒலிக் கோடெக்கைப் பாருங்கள். எல்டேக்குக்கு 330, 660, 990 கிலோபிட் என மூன்று படி. போன் மடியில் இருந்தால் 990, மேசையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்கு நடப்பவராக இருந்தால் 660. 330இல் விட்டால் எஸ்பிசியைவிட மேல் என்று நினைக்க வேண்டாம். நல்ல அமைப்பில் எஸ்பிசியே 328 கிலோபிட் தரும். நடுத்தர அமைப்பில் அது 229க்கு இறங்கிவிடும். எஸ்பிசிக்குக் கெட்ட பெயர் வாங்கித்தந்தது அந்த 229.

இரண்டு கருவியோடு ஒரே நேரத்தில் இணையும் வசதி இயங்கினால் சில ஹெட்போன்கள் சொல்லாமலே எல்டேக்கை விட்டுவிடும். லேப்டாப்பில் மீட்டிங் செயலி மைக்கைப் பிடித்தால் ஒலி தொலைபேசித் தரத்துக்கு விழும். மணல் கொட்டும் சத்தத்துக்கு அதுவே பலமுறை காரணம். செயலியில் மைக்கை லேப்டாப்பின் சொந்த மைக்காக மாற்றுங்கள்.

சுருதிப்பெட்டி | 20 ஜூன் 2024, காலை 6.50

இன்னொன்று விட்டுப்போயிற்று. மின்விசிறிக்கு நேர் கீழே இரைச்சல் நீக்கத்தைப் போட்டுக் கேட்டால், கிண்ணத்தின் வெளி மைக்கில் காற்று மோதிப் படபடக்கும். கோளாறு என்று சர்வீசுக்குக் கொண்டுபோகாதீர்கள். நாற்காலியை நகர்த்துங்கள், இல்லையென்றால் ஹெட்போனில் காற்றுச் சத்தத்தைக் குறைக்கும் முறை இருந்தால் அதைப் போடுங்கள். இரைச்சல் நீக்கம் ஏசி உறுமல் போன்ற கீழ்ச் சத்தத்தை நன்றாக அழிக்கும், சுமார் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பஞ்சுமெத்தையின் தடுப்பு மட்டுமே. மிக்ஸியின் கிறீச்சொலி உள்ளே வரும். குக்கர் விசில் எண்ண வேண்டியவர்கள் வெளிச்சத்தம் கேட்கும் முறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயப்பற்று | 22 ஜூன் 2024, இரவு 9.30

நம் ஊர் வியர்வைக்குக் காது மெத்தையின் செயற்கைத் தோல் ஒன்றிரண்டு வருடத்தில் செதில் செதிலாக உரியும். கேட்டு முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் ஆயுள் கூடும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் சீக்கிரம் உரியும். மாற்று மெத்தை வாங்கும்போது மாடல் பெயர் மட்டும் பார்க்காமல் கனத்தையும் பாருங்கள். மெத்தை தட்டையானாலோ, துணி மெத்தைக்கு மாறினாலோ காதைச் சுற்றிக் காற்று கசிந்து கீழ்ச்சுருதி கரையும்.

பேட்டரி லித்தியம். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஜன்னலோரம், வெயிலில் நிற்கும் கார், செட்டாப் பாக்ஸின் சூடான தலை, மூன்றும் வேண்டாம். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள்.

சுருதிப்பெட்டி | 23 ஜூன் 2024, காலை 10.00

முதல் கேள்விக்கே திரும்புகிறேன். காது மந்தம் என்ற சொல்லை நாம் எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம். அது சரியில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் 5. கேட்கவில்லை என்று ஹெட்போனை முழு வால்யூமில் வைத்து தினம் நான்கு மணி நேரம் சீரியல் பார்த்தால் மிச்சமிருக்கும் கேள்திறனும் தேயும். மந்தம் பெரும்பாலும் மேல் அதிர்வெண்ணில்தான் முதலில் விழும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. டப்பாவிலோ ஹெட்போன் செயலியிலோ ஈக்வலைசர் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இருந்தால் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸை 4, 5 டெசிபெல் ஏற்றி, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையுங்கள். வால்யூமைக் கூட்டாமலே வசனம் தெளியும். ஒரு காது மட்டும் மந்தமென்றால் இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ அமைப்பைத் தேடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கத்து வசனம் அவருக்கு வராமலே போகும். காதுக் கருவி போட்டிருந்தால் மேலே கிண்ணத்தை அழுத்தும்போது விசில் எழும். அந்தக் கருவிக்கே டிவி இணைப்புத் துணைக்கருவி கிடைக்கும், அதைக் கேளுங்கள். இன்னும் காது பரிசோதனை செய்யவில்லை என்றால் ஹெட்போனை மேலும் மேம்படுத்துமுன் அதைச் செய்துவிடுங்கள்.

மேற்குமாம்பலம் | 29 ஜூன் 2024, இரவு 9.20

5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, டப்பாவைக் கீழ் விளிம்பில் ஒட்டியதும் அறுவது நின்றது. பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம். புதுச் சிக்கல்: சில எச்டி சேனல்களில் மட்டும் ஹெட்போனில் சத்தமே இல்லை, ஸ்பீக்கரில் வருகிறது. டிவியில் பிசிஎம் என்றுதான் இருக்கிறது.

சுருதிப்பெட்டி | 29 ஜூன் 2024, இரவு 9.55

அந்தச் சேனல்கள் டால்பியில் ஒலிபரப்புகின்றன. செட்டாப் பாக்ஸ் அதை அப்படியே டிவிக்குத் தள்ளுகிறது, டிவியும் மாற்றாமல் ஆப்டிகலுக்கு விடுகிறது. செட்டாப் பாக்ஸின் சொந்த மெனுவில் ஒலி அமைப்புக்குப் போய் டால்பியை அணைத்து பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று வையுங்கள். பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

மேற்குமாம்பலம் | 29 ஜூன் 2024, இரவு 10.10

ஸ்டீரியோவில் வைத்தேன். எல்லா எச்டி சேனலிலும் வருகிறது.

ஈயப்பற்று | 30 ஜூன் 2024, காலை 7.00

பெட்டி மென்பொருள் புதுப்பித்துக்கொண்டால் அந்த அமைப்பு பழையபடி டால்பிக்குத் திரும்பலாம். மெனுப் பாதையை ஒரு சீட்டில் எழுதி ரிமோட் உறைக்குள் வையுங்கள்.